யந்திரத்துக்கு ஜாதி உண்டா?

கோயம்புத்தூரிலிருந்து அவிநாசி சாலையில் கிழக்கே சென்றால் பீளமேடு வரும். பருத்தி விளையும் பூமியில் இருந்த அந்தக் கிராமத்தைப் பஞ்சாலைகளும் கல்லூரிகளும் பெரிய ஊராக்கிவிட்டன. 1888-ல் ஸ்டேன்ஸ் துரை கோவையில் முதல் ஆலையை நிறுவினார். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் மளமளவென்று பெருகின. யந்திரம் வந்தால் ஜாதி போய்விடும் என்று அக்காலத்தில் நம்பியவர்கள் பலர்.

யந்திரத்துக்கு ஜாதி தெரியாது, வாஸ்தவம். யந்திரத்தண்டை யாரை நிறுத்துவது என்று தீர்மானிக்கும் மேஸ்திரிக்குத் தெரியுமல்லவா?

இதற்குப் பம்பாய் ஆலைகளின் சரித்திரமே சாட்சி. அங்கே நெசவுப் பகுதியில்தான் கூலி அதிகம். தறியில் ஓடும் நாடாவில் நூல் தீர்ந்தால், புது நூலின் முனையை வாயால் உறிஞ்சித் துளை வழியே இழுப்பார்கள். தாழ்த்தப்பட்டவர் வாய் வைத்த நாடாவில் நாங்கள் வாய் வைப்பதா என்றார்கள் மற்றவர்கள். அவ்வளவுதான், நெசவுப் பகுதியின் கதவு ஒரு சமூகத்துக்கே அடைபட்டது. எந்த ரிஜிஸ்தரிலும் இந்த விதி எழுதப்படவில்லை. ஊசிக் காதளவு துளைக்குள் ஒளிந்திருந்தது. 1928 வேலை நிறுத்தத்தின்போது, எல்லாப் பகுதிகளிலும் எல்லோருக்கும் வேலை என்ற கோரிக்கையையும் சேர்த்தாக வேண்டும் என்று அம்பேத்கர் வற்புறுத்தினார். முதலாளியை எதிர்த்து நின்ற தொழிலாளர் தலைவர்களுக்கே அதை எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது!

1950-ல் அரசியல் சாசனம் தீண்டாமையை ஒழித்தது. எழுதாத விதிகள் வேறு வேஷம் போட்டுக்கொண்டன. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கொங்கு நாட்டு நூற்பாலைகள் பலவற்றில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று வந்தது. ஏழைக் குடும்பத்துப் பெண்கள் மூன்று வருஷம் ஆலை விடுதியில் தங்கி உழைத்தால், முடிவில் கல்யாணச் செலவுக்கு ஒரு தொகை கிடைக்கும் என்றார்கள். அப்பெண்களில் கணிசமானோர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். வரதட்சிணையை 1961-லேயே சட்டம் தடுத்தது. அந்த வரதட்சிணைப் பயமே ஆலைக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தது. அவர்களுக்கு அளித்த பெயர் 'அப்ரண்டிஸ்'. நிரந்தரத் தொழிலாளியின் கூலியும் உரிமையும் அந்த ஒரு சொல்லில் கரைந்துபோயின.

நாடாவின் துளை, அப்ரண்டிஸ் என்ற சொல் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்தன. பிறப்பினால் வந்த தாழ்வைத் தொழில்முறை என்று காட்டின. தொழில்முறை என்றால் யாருக்கும் வெட்கமில்லை. தட்டிக் கேட்பாரும் இல்லை.

ஓர் ஊரின் முன்னேற்றத்தை அளக்க ஆலையில் சுழலும் கதிர்களை எண்ணுகிறோம். எண்ணட்டும். அந்தக் கதிரண்டை நிற்பது யார், எந்தப் பெயரில் நிற்கிறார், எத்தனை காலம் நிற்க முடியும் என்பதையும் கூடவே கேட்டுவிட்டால், எழுதாத ரிஜிஸ்தரின் முதல் பக்கம் புரண்டுவிடும்.