செங்கல்பட்டு வட்டாரத்தில் பழைய கணினிகளும் காயலான் கடைகளும்

கழித்துக்கட்டப்பட்ட கணினிகளையும் அவற்றின் உறுப்புகளையும் பழைய பொருள் கடைகளிலும் மறுசுழற்சி நிலையங்களிலும் தேடி எடுத்துப் பாதுகாக்கும் வழக்கம் பல நாடுகளில் உள்ளது. 1976இல் சுமார் 200 மட்டுமே தயாரிக்கப்பட்ட ஆப்பிள் 1 கணினி ஒன்று, 2015இல் கலிபோர்னியாவின் மறுசுழற்சி நிலையம் ஒன்றில் பழைய பெட்டிகளுக்கிடையே கிடைத்து, 2 இலட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. தமிழகத்தில் இத்தகைய தேடலுக்குரிய இடம் காயலான் கடை. தாம்பரம் முதல் செங்கல்பட்டு வரையும், கடலோரமாக மாமல்லபுரம் வரையும் உள்ள பகுதியில் தொழில் வளர்ச்சி மிகுதி என்பதால், கழிக்கப்படும் கணினிகளும் மிகுதி.

பழைய பொருள் சந்தைகள்

சென்னையில் 1900இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட், பழைய நூல்களுக்கும் பழம்பொருள்களுக்கும் பெயர் பெற்றிருந்தது. 1985இல் அது தீக்கிரையானது. மின்னணு உறுப்புகளுக்கு ரிச்சி தெருவும், வாகன உறுப்புகளுக்குப் புதுப்பேட்டையும் பெயர் பெற்றன. வேண்டாத பொருளை எறிந்துவிடாமல் பிரித்து, உறுப்பு உறுப்பாக விற்கும் இந்த வழக்கத்திற்குள்தான் கணினியும் பின்னாளில் வந்து சேர்ந்தது.

கணினிகள் வந்த வழி

1984 இவ்வட்டாரத்திற்கு முக்கியமான ஆண்டு. தாம்பரத்தில் ஏற்றுமதி வளாகம் அமைந்ததும், கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் முதல் அலகு வணிக முறையில் மின்னுற்பத்தியைத் தொடங்கியதும் அவ்வாண்டில்தான். அதே ஆண்டில் நடுவணரசு பள்ளிகளுக்கான கணினிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கி, பிபிசி மைக்ரோ கணினிகளை வழங்கியது. பின்னர் 2002இல் மகிந்திரா வேர்ல்டு சிட்டியும், பழைய மாமல்லபுரம் சாலையில் சிறுசேரி தகவல் தொழில்நுட்பப் பூங்காவும் வளர்ந்தன. அலுவலகங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கணினிகளை மாற்றுவதால், கழிவும் தொடர்ந்து பெருகியது.

எடையும் தங்கமும்

காயலான் கடையில் கணினிக்கு வயது இல்லை. எடை மட்டுமே உண்டு. இரும்புப் பெட்டி, செம்புக் கம்பி, மின்சுற்றுப் பலகை என்று தனித்தனியே பிரித்து விலை போடப்படும். 1995இல் வெளிவந்த பென்டியம் புரோ செயலியில் தங்கம் சற்றுக் கூடுதலாக இருப்பதால், சேகரிப்பாளரும் தேடுகிறார், உருக்குபவரும் தேடுகிறார். பெரும்பாலும் உருக்குபவரே முந்திக்கொள்கிறார்.

இதன் விலையை உழைப்பவர்களின் உடல் கொடுக்கிறது. தங்கத்தைப் பிரிக்க அமிலத்தில் ஊறவைக்கும்போது நச்சாவி எழுகிறது. செம்புக்காகப் பிளாஸ்டிக் உறையுள்ள கம்பிகளை எரித்தால் டையாக்சின் உண்டாகிறது. பழைய படக்குழாய்த் திரைகளின் கண்ணாடியில் ஈயம் உள்ளது.

உருக்குவோர் கையிலிருந்து தப்பும் கணினிக்கும் வேறு பகை உண்டு. மாமல்லபுரம் கடற்கரையின் உப்புக்காற்று உலோக இணைப்புகளை அரிக்கிறது. ஈரப்பதத்தால் நெகிழ்வட்டுகளில் பூஞ்சை படர்கிறது. 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் வந்த பல கணினிகளில் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்த சிறு மின்கலம், காலப்போக்கில் கசிந்து செம்புத் தடங்களை அரித்துவிடுகிறது. எனவே பழைய கணினியைக் கண்டெடுப்பவர் முதலில் செய்ய வேண்டியது, அம்மின்கலத்தை நீக்குவதே.

சட்டம்

உடல்நலக் கேட்டைத் தடுக்க, இந்தியாவில் 2011ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் 2012 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தன. தயாரிப்பாளரே கழிவுக்கும் பொறுப்பு என்ற கொள்கையை அவை கொண்டுவந்தன. 2016இல் புதிய விதிகளும், 2023 ஏப்ரல் 1 முதல் 2022ஆம் ஆண்டின் விதிகளும் அவற்றின் இடத்தைப் பிடித்தன. இப்போது பெரிய நிறுவனங்கள் தம் மின்னணுக் கழிவைப் பதிவு பெற்றவர்களிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும். உற்பத்தியாளர், விற்பனைக்குக் கொண்டுவரும் தயாரிப்பாளர், பழுதுநீக்கிப் புதுப்பிப்பவர், மறுசுழற்சியாளர் என நான்கு பிரிவினர் பதிவு செய்துகொள்கின்றனர். வரலாற்றுக்காகப் பாதுகாப்பவர் என்ற பிரிவு அதில் இல்லை. நச்சுப்புகையைத் தடுக்கும் இவ்விதிகள் தேவையானவையே. ஆனால் அரிய கணினி ஒன்று நேரே அரைவை இயந்திரத்திற்குச் செல்லும் வாய்ப்பை அவை நீக்கவில்லை.

தமிழுக்கு ஏன் முக்கியம்

1980களின் நடுவிலேயே ஆதமி, முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்கள் வழியே தமிழ் கணினிக்குள் வந்துவிட்டது. அந்நாளில் எழுத்துருவுக்கு ஒரு குறியாக்கம் என்ற நிலை இருந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு பொதுத்தரம் காண முயன்றது. ஒருங்குறி பரவலாவதற்கு முன் தட்டச்சான நூல்களும் இதழ்களும் நெகிழ்வட்டுகளில் தங்கிவிட்டன. 1.44 மெகாபைட்டு கொள்ளும் ஒரு வட்டு, கையெழுத்துப்படி கிடைக்காத ஒரு நாவலின் ஒரே படியாக இருக்கலாம். அதைப் படிக்க ஏற்ற வட்டு இயக்கி வேண்டும். அன்றைய எழுத்துருவும் வேண்டும். இயக்கி எடைக்குப் போய்விட்டால் வட்டு கையில் இருந்தும் பயனில்லை. ஓலைச்சுவடியைக் காத்தால் எழுத்தும் கூடவே காக்கப்படும். நெகிழ்வட்டுக்கோ அதைப் படிக்கும் கருவியையும் சேர்த்துக் காக்க வேண்டும்.

இனி வரும் கழிவு

2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்கீழ் பல இலட்சம் மாணவர்கள் கணினி பெற்றனர். அவற்றுள் முதலில் வழங்கப்பட்டவை இன்று பழைய பொருள்களாகிவிட்டன. ஒரே வகையில் ஏராளமாக வழங்கப்பட்டதால், பழுதான ஒன்றின் திரையும் விசைப்பலகையும் அதே வகையைச் சேர்ந்த மற்றொன்றுக்கு உயிர் கொடுக்க முடியும். பல குடும்பங்களில் முதல் கணினி அதுவே என்பதால், அதன் நினைவகத்தில் தேர்வுக் குறிப்புகளும் குடும்பப் படங்களும் இருக்கக்கூடும். கடையில் போடுமுன் கோப்புகளைப் படியெடுத்து நினைவகத்தை அழிப்பதும், புதுப்பிக்கத் தகுந்ததா என்று பார்ப்பதும், வகைக்கு ஒன்றையேனும் பள்ளியோ நூலகமோ எடுத்துவைப்பதும் பெருஞ்செலவு பிடிக்கும் பணிகள் அல்ல. தராசில் ஏறிய பிறகு அவற்றுள் எதையும் செய்ய இயலாது.