வெள்ளம் எங்கே போனது?

“டேய், ‘வெள்ளம்’னு போட்டுத் தேடுறேன், ஒண்ணுமே வரலையே?” என்றார் அத்தை.

அது அவர் எழுதிய சிறுகதையின் தலைப்பு. திரையில் கண்ணெதிரே இருக்கிறது, தேடினால் இல்லை. பாமினி எழுத்துருவில் அவர் அடித்து வைத்திருந்த கதைகளை யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தது நான்தான்.

1990களில் கணினிக்குத் தமிழ் தெரியாது. எழுத்துருக்கள் அதை ஏமாற்றின. பாமினியில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று அடித்தால் திரையில் ‘தமிழ்’ தெரியும். கோப்பில் இருப்பது அந்த ஆங்கிலக் குறிகள்தான். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் குப்பை. 1991ல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் உண்டு. ஆனால் அது நம் கைக்கு வந்து சேரப் பல வருடம் ஆயிற்று. நடுவில் திஸ்கி வந்தது. 1999 சென்னைத் தமிழ்நெட் மாநாட்டையொட்டி டாம், டாப் வந்தன. தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது 2010ல். இந்தக் குறியேற்றங்களுக்கு நடுவே பாலம் போட்டவை சுரதாவின் பொங்குதமிழ் மாதிரியான மாற்றிகள். இந்த வேலையின் அடிப்படை ஓர் அகராதிதான்: இந்தக் குறிக்கு இந்த எழுத்து.

பைத்தானில் பத்து வரியில் முடிச்சிடலாம்னு நானும் உட்கார்ந்தேன். முதல் அடி ‘கொ’வில் விழுந்தது. பாமினி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கும்: கொம்பு, க, கால். யூனிகோடில் முதலில் க, அப்புறம்தான் ஒகரக் குறி. கொம்பைத் தனியாக மாற்றினால் எழுத்து உடைந்துவிடும். அதனால் நீளமானதை முதலில் மாற்ற வேண்டும்: கொ, பிறகு கெ, கடைசியில் க. ஆனால் அன்றைய பைத்தான் டிக்‌ஷனரி எதை முதலில் கொடுக்கும் என்று சொல்ல முடியாது. வரிசைக்கு உத்தரவாதம் வந்தது 3.7 பதிப்பில்தான். நானே நீளவாரியாக அடுக்கினேன். கொக்கும் கொடியும் சரியாக வந்தன. வேலை முடிந்தது என்று நம்பினேன்.

அந்த விதிதான் வெள்ளத்தை விழுங்கியது. பாமினியில் ஔகாரத்தின் வலப்பக்கத் துண்டுக்குத் தனிக் குறி கிடையாது; ‘ள’வே அந்த வேலையையும் பார்க்கும். ‘கௌ’ என்பது கொம்பு, க, ள. ‘வெள்ளம்’ தொடங்குவதும் கொம்பு, வ, ள என்றுதான். நீளமானதைப் பிடிக்கும் என் நிரல் அதை ‘வௌ’ ஆக்கி, அதன் தலையில் புள்ளியையும் வைத்துவிட்டது. கண்ணுக்குக் கிட்டத்தட்ட அதே சொல். தேடலுக்கு வேறு சொல். பழைய கோப்புகளிலிருந்து இணையத்துக்கு வந்த பக்கங்களில் ‘வௌியீடு’, ‘தௌிவு’ என்று இன்றைக்கும் இவை திரிகின்றன. அவற்றைத் தேடி வருபவர் கண்ணில் அந்தப் பக்கம் படாது.

தீர்வு எளிது. மாற்றும் முன் அடுத்த குறியையும் பார்க்க வேண்டும். ‘ள’வுக்குப் பிறகு புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது நிஜமான ள, இல்லாவிட்டால் ஔகாரம். கௌரவமும் மௌனமும் அப்படியே நின்றன. வெளியும் தெளிவும் திரும்பி வந்தன. அதற்கும் பிடிபடாதவற்றுக்கு முழுச் சொற்களையே வைத்து ஒரு சின்ன அகராதி எழுதினேன். நல்லவேளை, மூலக் கோப்புகள் பத்திரமாக இருந்தன.

அத்தை மறுபடி தேடினார். “வந்துருச்சுடா.”

பாமினிக் கோப்புகளை நான் இன்னும் அழிக்கவில்லை. வேறு எந்தச் சொல் எங்கே மூழ்கிக் கிடக்கிறதோ, யார் கண்டது.