ஒரே பொருளுக்கு ஆறு சொல் எதற்கு?

போன மாதம் மீன் பிடிக்கும் வலையின் கதை எழுதினேன். இன்று கொஞ்சம் நீளமான பதிவு. காபி எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

1989 என்று நினைவு. பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியல் பாடம். மரபுக் குறியீட்டு அட்டவணையைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். 64 மூன்றெழுத்துச் சொற்கள். அவற்றுக்குக் கோடான் என்று பெயர். அவற்றில் 61 சொற்கள் 20 அமினோ அமிலங்களைக் குறிக்கும். மீதி 3 சொற்கள் முற்றுப்புள்ளி. இரண்டாவது பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "லூசினுக்கு மட்டும் ஆறு சொல் எதுக்கு சார்? ஒண்ணு போதாதா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. "அது பரீட்சைக்கு வராதும்மா, உட்காரு" என்றேன். வகுப்பே சிரித்தது.

அந்தச் சிரிப்பு இத்தனை வருடமாக என்னை உறுத்துகிறது. இந்தப் பதிவு அவளுக்கான பதில்.

முதலில் அந்த அட்டவணை வந்த கதை. 1961 மே மாதம், அமெரிக்காவில் பெதஸ்டா என்ற ஊரில், நிரென்பர்க், மத்தேயி என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். 'யு' என்ற எழுத்து மட்டுமே வரிசையாக உள்ள ஆர்.என்.ஏ.வை, உடைத்த பாக்டீரியா செல்லின் சாற்றில் கலந்தார்கள். வந்த புரதத்தில் பினைல் அலனின் என்ற ஒரே அமினோ அமிலம்தான் இருந்தது. யு-யு-யு என்ற சொல்லுக்குப் பொருள் தெரிந்துவிட்டது. பிறகு பல ஆய்வகங்கள் போட்டி போட்டு, 1966-க்குள் 64 சொற்களுக்கும் பொருள் கண்டார்கள். இதில் பெரும்பங்கு ஆற்றியவர் பிரிக்கப்படாத பஞ்சாபின் ராய்ப்பூர் கிராமத்தில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா. 1968-ல் நிரென்பர்க், ஹாலி ஆகியோருடன் நோபல் பரிசு பெற்றார்.

அகராதி முடிந்தது, இனி என்ன என்று பலர் நினைத்தார்கள். 1980-ல் பிரான்சின் லியோன் நகரில் கிராந்தம் என்பவரும் குழுவினரும், அதுவரை படிக்கப்பட்ட மரபணுக்களை வரிசையாக வைத்து எண்ணிப் பார்த்தார்கள். ஒரே பொருள் தரும் சொற்களை உயிரினங்கள் சமமாகப் பயன்படுத்தவில்லை. ஒவ்வொரு உயிரினத்துக்கும் சில சொற்கள் மேல் பிரியம், சில சொற்கள் மேல் வெறுப்பு. அடுத்த ஆண்டு ஜப்பானின் இகேமுரா ஒரு காரணம் காட்டினார். ஒவ்வொரு சொல்லையும் படித்து அதற்குரிய அமினோ அமிலத்தைச் சுமந்து வரும் கடத்தி ஆர்.என்.ஏ.க்கள் செல்லுக்குள் உண்டு. பாக்டீரியாவில் எந்தச் சொல்லுக்குச் சுமைக்காரர் அதிகமோ, அந்தச் சொல்லைத்தான் அது அதிகம் உபயோகிக்கிறது. ஆள் குறைவான சொல் வந்தால் வேலை தாமதம்.

நம் நிகண்டுகளில் யானைக்குக் களிறு, வேழம், கரி என்று எத்தனை பெயர்கள்! பொருள் ஒன்றுதான். ஆனால் சந்தையில் நின்று "வேழம் வருகிறது" என்று கத்தினால் யார் நகர்வார்கள்?

இனி வைரஸ் கதைக்கு வருகிறேன். வைரஸுக்குச் சொந்தத் தொழிற்சாலை கிடையாது. நம் செல்லின் ரைபோசோமில்தான் அதன் புரதமும் தயாராக வேண்டும். அதனால் அது நம் வீட்டுப் பேச்சைப் பேசியாக வேண்டும். நம் செல்லில் காவல்காரர்களும் இருக்கிறார்கள்.

நோய் எதிர்ப்பு என்றால் நாம் ஆன்டிபாடியைத்தான் நினைப்போம். ஆன்டிபாடி வைரஸின் வெளிச்சட்டையைப் பார்த்து அடையாளம் பிடிக்கும். ஃப்ளூ வைரஸ் தன் சட்டையை மாற்றிக்கொண்டே இருப்பதால்தான் அதன் தடுப்பூசியையும் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறது. ஆனால் செல்லுக்குள்ளேயே இன்னொரு காவல் உண்டு. அது சட்டையைப் பார்ப்பதில்லை. பேச்சைக் கேட்கிறது.

மனிதன் முதலான முதுகெலும்புள்ள விலங்குகளின் டி.என்.ஏ.வில், 'சி'க்கு அடுத்து 'ஜி' வருவது மிகவும் அபூர்வம். அந்த இடத்துச் 'சி' காலப்போக்கில் 'டி'யாகத் திரிந்துவிடுவதே காரணம். ஆகவே சி-ஜி ஜோடி நிறைந்த ஆர்.என்.ஏ. உள்ளே வந்தால், அது வெளியூர்ப் பேச்சு. எங்கள் திருநெல்வேலிக்காரன் கோயம்புத்தூரில் வாயைத் திறந்ததும் "நீங்க எந்த ஊருங்க?" என்று கேட்பார்களே, அதுபோல. ஸாப் என்று ஒரு புரதம் நம் செல்லில் இருக்கிறது. வைரஸை அடக்கும் அதன் வேலையை 2002-ல் கண்டுபிடித்தார்கள். அது சி-ஜி ஜோடியைப் பிடித்துத்தான் அந்நிய ஆர்.என்.ஏ.வை அடையாளம் காண்கிறது என்பது 2017-ல் எச்.ஐ.வி. வைரஸை வைத்துச் செய்த ஆய்வில் தெரிந்தது. பொருள் மாறாமல் சொற்களை மட்டும் மாற்றி, எச்.ஐ.வி.யில் சி-ஜி ஜோடிகளைக் கூட்டினார்கள், வைரஸ் முடங்கியது. ஸாப் இல்லாத செல்லில் அதே வைரஸ் மறுபடி வளர்ந்தது.

இதற்கு வரலாற்றுச் சாட்சி உண்டா? உண்டு. அலாஸ்காவில் பிரெவிக் மிஷன் என்ற சிற்றூர். 1918 நவம்பரில் ஐந்தே நாளில், அங்கிருந்த பெரியவர்கள் 80 பேரில் 72 பேர் ஃப்ளூவில் இறந்தார்கள். உறைபனி நிலத்தில் அவர்களைப் புதைத்தார்கள். 1951-ல் ஹுல்டின் என்ற மாணவர் அங்கே தோண்டி வைரஸைத் தேடினார். உயிருள்ள வைரஸ் கிடைக்கவில்லை. மனம் தளராமல் 46 ஆண்டு கழித்து, 1997-ல், ஊர்க்காரர்களின் அனுமதியோடு திரும்பவும் தோண்டினார். ஒரு பெண்ணின் நுரையீரல் கிடைத்தது. அதையும் ராணுவ மருத்துவச் சேமிப்பில் இருந்த துணுக்குகளையும் வைத்து, டாபென்பெர்கர் குழு 2005-ல் அந்த வைரஸின் முழு எழுத்தையும் படித்து முடித்தது.

அந்த எழுத்தையும் அதன் வழிவந்த வைரஸ்களின் எழுத்தையும் 2008-ல் கிரீன்பாம் குழுவினர் வருட வாரியாக அடுக்கிப் பார்த்தார்கள். பறவைகளிடமிருந்து வந்த அந்த வைரஸில் முதலில் சி-ஜி ஜோடிகள் கூடுதல். மனிதரிடையே பரவப் பரவ, வருடத்துக்கு வருடம் அவை குறைந்துகொண்டே வந்திருக்கின்றன. வெளியூரிலிருந்து வந்து குடியேறியவன் பேச்சை மெல்ல மெல்ல மாற்றிக்கொண்ட மாதிரி. நம் உடம்பின் காவல் அதற்கு அப்படி ஒரு நெருக்கடி கொடுத்திருக்கிறது.

சரி, இதனால் நமக்கு என்ன லாபம்? இங்கேதான் என் அத்தானின் நினைவு வருகிறது. குடும்பத்தார் அனைவருக்கும் தெரியும். இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம். ஆயுள் முழுக்க இடது காலில் இரும்புப் பட்டை. அவர் வருவதற்கு முன்னால் அந்தச் சத்தம் வந்துவிடும்.

போலியோவை விரட்டியது சேபினின் சொட்டு மருந்து. அது வலுக்குறைந்த உயிருள்ள வைரஸ். அதில் ஒரு சங்கடம் இருந்தது. வலுவைக் குறைத்த மாற்றங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. சொட்டு மருந்து குடித்த குழந்தையின் குடலில் சில நாளிலேயே அவற்றில் சில பழையபடி திரும்பிவிடும். தடுப்பூசி குறைவாகப் போடப்படும் ஊர்களில் அது பரவி, மிக அபூர்வமாக வாதத்தையே உண்டாக்கிவிடும். 2000-ல் ஹைட்டியிலும் டொமினிக்கன் குடியரசிலும் அப்படி நடந்தது.

சில மாற்றம்தானே திரும்புகிறது, நூற்றுக்கணக்கில் மாற்றினால்? 2006-ல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் போலியோ வைரஸின் சொற்களை, பொருள் மாறாமல், மனித செல்லுக்குப் பிடிக்காத சொற்களாக மாற்றிப் பார்த்தன. 2008-ல் விம்மர் குழு சொற்களின் ஜோடிகளையே மாற்றியது. சட்டை அதே சட்டை, ஆகவே எதிர்ப்புச் சக்தி உண்டாகிறது. ஆனால் வைரஸ் சோர்ந்துவிடுகிறது. அத்தனை எழுத்தும் ஒன்றாகத் திரும்புவது நடக்கிற காரியமா? வலுக்குறைந்ததற்குக் காரணம் ரைபோசோமின் தாமதம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். 2014-ல் பிரிட்டனில் வேறொரு வைரஸில் செய்த சோதனை, சொற்களை மாற்றும்போது கூடவே ஏறிய சி-ஜி, யு-ஏ ஜோடிகளே முக்கியக் காரணம் என்று காட்டியது. பலன் முதலில் கிடைத்தது, விளக்கம் பிறகு திருத்தப்பட்டது. விஞ்ஞானத்தில் இது சகஜம்.

2017-ல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில், கன்டெய்னர்களால் ஒரு தனிக் குடியிருப்பு அமைத்து, தாமாக முன்வந்த 30 பேரை உள்ளே வைத்து இரண்டு புதிய சொட்டு மருந்துகளைச் சோதித்தார்கள். ஒன்றில் இந்தச் சொல் மாற்றும் உத்தி இருந்தது. கடைசியில் களத்துக்குப் போனது மற்றொன்று, அதில் ஆர்.என்.ஏ.வின் வேறு பகுதிகளைக் கெட்டிப்படுத்தியிருந்தார்கள். 2021 மார்ச்சில் நைஜீரியாவிலும் லைபீரியாவிலும் அதைக் கொடுக்கத் தொடங்கினார்கள். சொல் மாற்றிய மருந்து முந்தவில்லை என்பதை மறைக்காமல் சொல்கிறேன். இரண்டும் ஒரே கவலையில் பிறந்தவை: மருந்து நோயாகத் திரும்பக் கூடாது.

நம் நாட்டில் காட்டு வைரஸால் வந்த கடைசிப் போலியோ, 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹௌராவில் ஒரு சின்னப் பெண் குழந்தைக்கு. 2014 மார்ச்சில் இந்தியாவுக்குப் போலியோ இல்லா நாடு என்ற சான்று கிடைத்தது. அன்று அத்தானுக்குப் போன் செய்து சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நல்லது மாப்ளே. இனி இந்தச் சத்தம் எந்த வீட்டுலயும் கேக்கக் கூடாது" என்றார்.

இரண்டாவது பெஞ்சில் இருந்த பெண்ணே, இந்தக் குழுவில் இருந்தால் படித்துக்கொள். ஆறு சொல் வீண் இல்லை அம்மா. பொருள் ஒன்றானாலும், எந்தச் சொல்லைச் சொல்கிறோம் என்பதில் உயிர் தப்புவதும் பிடிபடுவதும் இருக்கிறது. அன்று நீ கேட்டது சரியான கேள்வி. உட்காரச் சொன்னது என் பிழை.

இப்போது ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் மதிப்பைக் குறைக்க மாட்டார்கள். பேரப்பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து நாளில் தவறாமல் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் விலங்கியல் சார்