ரே காசில்

இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில், வின்டர்மியர் ஏரியின் மேற்குக் கரையிலுள்ள கோதிக் மறுமலர்ச்சிப் பாணி மாளிகை. கோபுரமும் கொத்தளமும் இருந்தாலும் இது போர் எதையும் கண்டதில்லை. லிவர்பூல் மருத்துவர் ஜேம்ஸ் டாசன், மனைவி வழியில் வந்த ஜின் மது வணிகச் செல்வத்தைக் கொண்டு 1840களில் கட்டிய ஓய்வுக்கால வீடு இது.

1882 கோடையில், 16 வயதில், பியாட்ரிக்ஸ் பாட்டர் குடும்பத்துடன் இங்கே தங்கினார். அவர் பிற்காலத்தில் சிறுவர் நூல்களால் புகழ்பெற்றவர். ரே தேவாலயப் போதகர் ஹார்ட்விக் ரான்ஸ்லியின் நட்பு அப்போது வாய்த்தது. 1895இல் நேஷனல் டிரஸ்ட் என்னும் மரபுக் காப்பு அமைப்பை நிறுவிய மூவருள் ரான்ஸ்லி ஒருவர். மாளிகை 1929 முதல் அந்த அமைப்பின் உடைமை.

பழைய அறைக்கலன்களைத் தேடி வருவோர் ஏமாறுவர், அவை எஞ்சவில்லை. ஏரிக்கரை ஊரான ஆம்பிள்சைடிலிருந்து படகில் வருவதே நல்லது. தண்ணீரிலிருந்து பார்க்கும்போதுதான் இந்தப் போலிக் கோட்டை நம்பும்படி இருக்கிறது.