கரைவெட்டி முதல் தரங்கம்பாடி வரை – ஒரு பராமரிப்புக் கணக்கு



சென்ற பொதுக்குழுக் கூட்டத்தில், நம் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் குளத்தின் வரத்து வாய்க்காலைச் சுத்தம் செய்யச் சங்க நிதியிலிருந்து பணம் ஒதுக்கக் கூடாது என்று எழுந்து பேசியவன் நான்தான். "குளத்தால் நமக்கு ஒரு பைசா வரவு உண்டா? அந்தப் பணத்தில் வண்டி நிறுத்தக் கூரை போடலாம்" என்றேன். சிலர் கைதட்டினீர்கள். தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டது.

அதற்குப் பிறகு, பொங்கல் முடிந்த வாரத்தில், மனைவி, மச்சான் குடும்பம், பேரன் என்று ஒரு வேனில் இரண்டு நாள் சுற்றுலா போய்வந்தோம். நம் மாவட்டத்தில் பறவை பார்ப்பது, பிறகு கடலோரத்தில் ஒரு பழைய பங்களா ஓட்டலில் ஓர் இரவு தங்குவது, அவ்வளவுதான் திட்டம். நான் வணிகவியல் படித்தவன். சரித்திரம் பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனால் முப்பத்தைந்து வருடம் பேரேடு பார்த்த கண்ணுக்கு, வழி நெடுக ஒரே கணக்கு தெரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

விடியற்காலை நான்கு மணிக்கு வரதராஜன்பேட்டையிலிருந்து கிளம்பினோம். முந்திரித் தோப்புகளைத் தாண்டி ஜெயங்கொண்டம், கீழப்பழுவூர் வழியாகக் கரைவெட்டி போய்ச் சேரும்போது பொழுது புலர்ந்திருந்தது. ஏரிக்கரையில் ஏறி நின்றதும் யாரும் பேசவில்லை. தண்ணீர் தெரியாத அளவுக்குப் பறவைகள். கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, ஊசிவால் வாத்து, கூட்டம் கூட்டமாக நாமக்கோழி. கொஞ்சம் தள்ளி, தலையில் இரண்டு கறுப்புக் கோடுகளோடு வெள்ளையும் சாம்பலுமாகச் சில வாத்துகள். அதுதான் பட்டைத்தலை வாத்து. மத்திய ஆசியாவில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் தொடங்கியதும் இமயமலையைத் தாண்டி நம் மாவட்டத்துக்கு வருகிறது. பேரன் பைனாகுலரைக் கடைசிவரை யாருக்கும் கொடுக்கவில்லை.

கரைவெட்டி 1990களின் இறுதியில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், இடம் பெற்றது. பரப்பு சுமார் 454 ஹெக்டேர். இதுவரை ஏராளமான வகைப் பறவைகள் இங்கே பதிவாகியிருக்கின்றன. நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: இது இயற்கையாக உண்டான ஏரி அல்ல, பாசன ஏரி. மேட்டூர் அணையில் திறக்கும் காவிரித் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக இங்கே வருகிறது. அதோடு வடகிழக்குப் பருவமழையும் சேர்கிறது. ஏரித் தண்ணீரில் நெல், கரும்பு, பருத்தி, சோளம் விளைகின்றன. கரையில் மாட்டை ஓட்டிக்கொண்டு போன ஒரு பெரியவரிடம், "இவ்வளவு பறவையா ஐயா!" என்றேன். "வாய்க்கால்ல தண்ணி வந்தாதான் ஏரி, சார். ஏரி ரொம்புனாதான் இதுங்க. எல்லாம் அந்த வாய்க்கால்லதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனார். நான் பேரனைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டேன்.

உழவரும் பறவையும் இப்படிச் சேர்ந்திருப்பது புதிதல்ல. வேடந்தாங்கல் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கம்பெனி காலத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டார்கள். ஏரியில் விழும் பறவை எச்சம் தங்கள் வயலுக்கு உரம் என்பதால் ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் முறையிட்டார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பாதுகாப்பு உத்தரவு வாங்கி, 1858இல் அதைப் புதுப்பித்தும் கொண்டார்கள். வனவிலங்குச் சட்டம் 1972இல்தான் வந்தது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்பே ஓர் ஊர் தன் ஏரியைத் தன் சொத்தாக நினைத்துக் காப்பாற்றியிருக்கிறது.

காலைச் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு கிழக்கே திரும்பி, மதியம் கங்கைகொண்ட சோழபுரம் வந்தோம். நமக்கெல்லாம் பக்கத்து ஊர்தான். எத்தனையோ முறை போயிருக்கிறோம். 2004 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள கோயில். ஆனால் கோயிலை மட்டும் பார்த்துத் திரும்பிவிடுகிறோம். கங்கைவரை படை அனுப்பி வென்ற இராசேந்திர சோழன் இங்கே ஒரு பேரேரியும் வெட்டினான். திருவாலங்காட்டுச் செப்பேடு அதை நீரால் ஆன வெற்றித்தூண் என்கிறது. பெயர் சோழகங்கம். இன்று பொன்னேரி என்கிறோம். அதன் கரை 16 மைல் நீளம் இருந்ததாகப் பழைய திருச்சி மாவட்டக் குறிப்புகள் சொல்கின்றன. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் வந்து பார்த்தவர்கள் கண்டது தூர்ந்து காடு மண்டிய பள்ளத்தைத்தான். பேரரசன் வெட்டிய ஏரிக்கும் தேய்மானம் உண்டு. கவனிக்க ஆள் இல்லாமல் போனால் வெற்றித்தூணும் மேடாகிவிடும்.

கோயில் மதிலுக்கு நேர்ந்தது இன்னொரு கணக்கு. அங்கிருந்து சற்றுத் தெற்கே போனால் அணைக்கரை. கொள்ளிடத்தின் குறுக்கே ஆர்தர் காட்டன் திட்டப்படி 1836இல் கட்டிய கீழணை அங்கே இருக்கிறது. அதற்குக் கல் தேவைப்பட்டபோது, கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் சுற்றுமதிலைப் பிரித்து எடுத்துப் போனார்கள். ஊர்க்காரர்கள் தடுத்தார்கள், தடுத்ததற்குத் தண்டனைதான் கிடைத்தது. பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கும் நிறைவேறவில்லை என்று அந்த நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். கீழணைப் பாலத்தில் வேன் போகும்போது மச்சான், "அநியாயம் மாமா" என்றார். அநியாயம்தான். ஆனாலும் வீராணம் ஏரிக்குத் தண்ணீர் இந்த அணையிலிருந்துதான் போகிறது. அங்கிருந்து சென்னைக்குக் குடிநீரும் போகிறது. யாரும் பயன்படுத்தாத சொத்தின் மீதுதான் அடுத்தவன் கண் விழும் என்று எனக்குத் தோன்றியது.

மாலையில் மயிலாடுதுறை வழியாகத் தரங்கம்பாடி. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கர், ஆண்டுக்கு 3,111 ரூபாய் குத்தகையில் இந்த ஊரை டென்மார்க்காரருக்கு விட்டார். அவர்கள் டேன்ஸ்பர்க் கோட்டையைக் கட்டி, மிளகு வாங்கி விற்றார்கள். 1706இல் வந்த சீகன்பால்கு இங்கேதான் தமிழில் அச்சடித்தார். பிறகு வியாபாரம் நொடித்துப்போய், 1845இல் வங்காளத்துச் செராம்பூரோடு சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். கொஞ்ச காலம் தஞ்சாவூர் கலெக்டர் இங்கே இருந்தார். 1861இல் ரயில் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ஓடத் தொடங்கியதும் சரக்கெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது. தரங்கம்பாடி அப்படியே தூங்கிப்போனது.

கோட்டைக்கு எதிரே, அந்தக் கலெக்டர் குடியிருந்த மாடி பங்களாவில்தான் நாங்கள் தங்கினோம். இப்போது 'நீம்ரானா' ஓட்டல். இன்டாக் அமைப்பின் துணையோடு பழுதுபார்த்து ஓட்டலாக்கியிருக்கிறார்கள். நாலு பக்கமும் தூண் வைத்த தாழ்வாரம். அறைகளுக்கு அந்தக் காலத்து டென்மார்க் கப்பல்களின் பெயர். வாடகை நமக்குக் கொஞ்சம் அதிகம்தான். முதலில் மனசு கேட்கவில்லை. ராத்திரி தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு அலைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது மனைவி சொன்னாள்: "நாம குடுக்குற வாடகையிலதானே இந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு ஏறுது." அவள் கணக்குப் படித்தவள் அல்ல. மறுநாள் காலையில் அதே தெருக்களில் பூட்டிக் கிடந்த பழைய வீடுகளையும் பார்த்தோம். கூரை விழுந்து, சுவரில் அரசமரம் முளைத்திருந்தது. கரையோரத்தில் 1306இல் கட்டிய மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடலே கொண்டுபோயிருக்கிறது.

ஒரே உப்புக் காற்றுதான் எல்லாக் கட்டடத்தின் மீதும் அடிக்கிறது. ஆண்டுதோறும் செலவு எழுத ஒருவர் இருக்கும் கட்டடம் நிற்கிறது, இல்லாதது சாய்கிறது. கரைவெட்டிக்கும் சோழகங்கத்துக்கும் உள்ள வித்தியாசமும் இதுதான். வரவு வந்த பிறகு பராமரிக்கலாம் என்று நான் அன்று பேசினேன். பராமரித்தால்தான் வரவு என்பது அந்த மாட்டுக்காரப் பெரியவருக்குத் தெரிந்திருக்கிறது. நம் குளம் நிறைந்தால் நம் கிணறுகளிலும் ஆழ்குழாய்களிலும் தண்ணீர் நிற்கும். நம் சங்கக் கணக்கில் அந்த வரவைக் காட்ட ஒரு பத்தி இல்லை. அதனால்தான் என் கண்ணில் படவில்லை.

கரைவெட்டிக்குப் போக விரும்புவோர் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள், விடியும் நேரத்தில் போங்கள். ஹாரன், பாட்டு வேண்டாம். பளிச்சென்ற நிறத்தில் சட்டை வேண்டாம். குடிதண்ணீரும் சாப்பாடும் கையோடு எடுத்துப் போய், குப்பையைத் திருப்பி எடுத்து வாருங்கள்.

அடுத்த பொதுக்குழுவில் வாய்க்கால் தீர்மானம் மறுபடி வருகிறது. இந்த முறை அதை நானே முன்மொழிகிறேன். அன்று எனக்குக் கைதட்டியவர்கள் இன்று கோபித்துக்கொள்ள வேண்டாம். பேரேட்டில் தப்பாகப் பதிந்துவிட்டால் அடுத்த வரியில் திருத்தி எழுதிக் கையெழுத்துப் போடுவோம். அப்படித்தான் இதுவும்.