துறைமுகக் காவலும் குடல் மருத்துவமும்

மன்னார் வளைகுடாவில் அரசினர் முத்துச் சலாபம் நடத்திய காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கடலடியில் ஒரு பார் விளைந்திருக்கிறது என்று செய்தி வந்தவுடனே சலாபத்துக்கு நாள் குறித்துவிட மாட்டார்கள். முதலில் அந்தப் பாரிலிருந்து மாதிரிக்கெனச் சிப்பிகளை எடுப்பார்கள். அவற்றை அழுகவைத்துக் கழுவுவார்கள். கிடைத்த முத்துக்களை மதிப்பிட்ட பின்னரே, சலாபம் நடத்தலாமா கூடாதா என்று முடிவு செய்வார்கள். ஓட்டைப் பார்த்து உள்ளே இருப்பதை அறிய முடியாது என்பது கடலில் மூழ்கிப் பிழைத்த மக்களுக்குத் தெரிந்திருந்தது. தூத்துக்குடியின் கடைசிச் சலாபம் 1961ஆம் ஆண்டில் நடந்தது. அதற்குப் பின் அக்கரையில் அக்காட்சி இல்லை. ஆனால் புறத்தோற்றத்தை நம்பாமல் சோதித்துப் பார்க்கும் அறிவு, இன்று மருத்துவத்தில் நாம் எதிர்பாராத ஓர் இடத்தில் உயிர்காக்கும் விதியாக நிற்கிறது. அந்த வரலாற்றைச் சிறிது காண்போம்.

சலாபக் காலத்தில் கடற்கரையில் ஓலைக் குடிசைகளால் ஒரு நகரமே எழும். ஆயிரக்கணக்கானோர் கூடுவர்; அழுகும் சிப்பியின் நாற்றமும் ஈக்களும் எங்கும் நிறைந்திருக்கும். அத்தகைய கூட்டத்தில் அதிகாரிகள் பெரிதும் அஞ்சியது வாந்திபேதியைத்தான். அந்நோய் மலத்தின் வழியாக நீரிலும் உணவிலும் கலந்து பரவுவது. அதனை உண்டாக்கும் கிருமியை ராபர்ட் காக் 1884ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஆராய்ந்து உறுதிப்படுத்தினார்.

முத்துக்குப் பெயர்பெற்ற இதே கரை, இலங்கைக்கு மக்களை அனுப்பும் வாயிலாகவும் இருந்தது. 1876ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்கு இரயில் வந்தது. கொழும்புக்குக் கப்பலேறுவோர் சென்னையிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் இங்கே வந்து சேர்ந்தனர். தேயிலைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளரை ஊருக்கு அருகிலுள்ள தட்டப்பாறை முகாமில் சில நாட்கள் நிறுத்திவைத்து, நோய் இல்லை என்று கண்ட பிறகே கப்பலில் ஏற்றினர். 1914ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடி வழியாகத் தலைமன்னார் செல்லும் பாதை அமைந்தது. அதன்பின் மண்டபம் முகாம் இக்காவலின் தலைமை இடமாயிற்று. அதனை நடத்தியது இலங்கை அரசாங்கம்.

மண்டபத்தில் மூன்று காரியங்கள் நடந்தன. ஒன்று, பெரியம்மைக்கு எதிராக அம்மை குத்துதல். இரண்டு, கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்தல். இப்புழுவின் முட்டை மலத்தோடு மண்ணில் விழும். அதிலிருந்து வரும் இளம்புழு வெறுங்காலைத் துளைத்து உடலில் ஏறும். இரத்தத்தை உறிஞ்சி மனிதனைச் சோகையால் வாடச் செய்யும். மூன்றாவது காரியம் காத்திருத்தல். நோய்க்கிருமி உடலில் புகுந்த நாளுக்கும் நோய் வெளிப்படும் நாளுக்கும் இடைவெளி உண்டு. அந்த இடைவெளி கழியும்வரை ஒருவரைத் தனியே வைத்திருந்தால், மறைந்திருக்கும் நோய் தானே வெளிப்படும். அத்ரியாட்டிக் கரையிலுள்ள ரகூசா நகரம் 1377ஆம் ஆண்டில் முப்பது நாள் காத்திருப்பை விதித்தது. பிற்காலத்தில் அது நாற்பது நாளாயிற்று. நாற்பதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லே குவாரண்டைன் என்ற பெயருக்குத் தாய்.

இக்காவல் நன்மை செய்தது. ஆயினும் அதன் நீதியை நாம் வினவவேண்டும். முகாமில் நாட்கணக்கில் அடைபட்டவர் தோட்டத் தொழிலாளரே. உயர்வகுப்புப் பயணிகள் அனுமதிச் சீட்டோடு கடந்து சென்றனர். கிருமி டிக்கெட்டின் வகுப்பைப் பார்த்து ஏறுவதில்லை. எளியவனை ஐயுற்று, வலியவனின் தோற்றத்தை நம்பிய காவல் அரைக் காவலே.

தோற்றத்தை நம்பலாகாது என்பதைத் தமிழ்நாடு மீண்டும் கற்றது 1986ஆம் ஆண்டில். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வில், எச்.ஐ.வி. வைரஸ் இந்தியாவில் இருப்பது முதன்முதலாகத் தெரிந்தது. இந்த வைரஸ் உடலில் புகுந்த பின்னும் மனிதன் பல ஆண்டுகள் திடமாக உலவுவான். இரத்த தானம் செய்பவர் நலமாக இருக்கிறாரா என்று கண்ணால் பார்த்தால் போதாது, இரத்தத்தையே சோதிக்கவேண்டும் என்ற விதி அதன்பின் நாடெங்கும் வலுப்பெற்றது. காசுக்கு இரத்தம் விற்கும் முறையும் உச்சநீதிமன்றத் தீர்ப்பின் வழியாக 1998ஆம் ஆண்டு முதல் தடைப்பட்டது.

இனி, அந்த எதிர்பாராத இடத்துக்கு வருவோம். நம் குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. வலிய மருந்துகளால் அவை அழியும்போது, கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்னும் கிருமி பெருகிக் கடுமையான வயிற்றுப்போக்கை உண்டாக்குகிறது. நலமுள்ள ஒருவரின் மலத்தைப் பக்குவப்படுத்தி நோயாளியின் குடலில் செலுத்தினால், அழிந்த நுண்ணுயிர்கள் மீண்டும் குடியேறுகின்றன. 1958ஆம் ஆண்டில் அமெரிக்க அறுவை மருத்துவர் பென் ஐஸ்மனும் அவர் குழுவினரும், குடல் அழற்சியால் சாகும் நிலையிலிருந்த நால்வருக்கு இம்முறையைக் கையாண்டு பயன் கண்டனர். 2013ஆம் ஆண்டில் நெதர்லாந்து மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், இச்சிகிச்சை பெற்ற 16 பேரில் 13 பேர் முதல் முறையிலேயே குணமடைந்தனர். வழக்கமான மருந்து மட்டும் பெற்ற 13 பேரில் குணமடைந்தோர் நால்வரே.

அருவருப்பை வென்ற மருத்துவம் அடுத்து ஐயத்தையும் வெல்லவேண்டியிருந்தது. கொடுப்பவரின் மலத்தில் நன்மை செய்யும் உயிர்களோடு தீமை செய்பவையும் இருக்கலாமே! மஞ்சட்காமாலையை உண்டாக்கும் ஹெப்படைடிஸ் ஏ வைரஸை எடுத்துக்கொள்வோம். கண் மஞ்சளாவதற்கு ஓரிரு வாரம் முன்னரே அது மலத்தில் மிகுதியாக வெளியேறுகிறது. நோரோவைரஸ் என்பதோ வயிற்றுப்போக்கு நின்ற பின்னும் பல நாட்கள் வெளியேறும். அந்நாட்களில் கொடுப்பவர் முற்றிலும் நலமாகவே தோன்றுவார்.

ஆகவே மூன்று வாயில்களில் காவல் வைத்தனர். முதல் வாயில் கேள்விகள்: அண்மையில் எங்கே பயணம் செய்தீர், என்ன மருந்து உண்டீர், இரத்தம் ஏற்றிக்கொண்டீரா என்பன. இரண்டாவது இரத்தச் சோதனை: எச்.ஐ.வி.யும், ஹெப்படைடிஸ் ஏ, பி, சி வைரஸ்களும் அங்கே தேடப்படுகின்றன. மூன்றாவது மலச் சோதனை: நோரோவைரஸ், ரோட்டாவைரஸ் முதலியவற்றோடு புழுக்களின் முட்டைகளும் தேடப்படுகின்றன. அமெரிக்காவில் 2012ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரு மல வங்கியில், கொடுக்க முன்வந்தவரில் நூற்றுக்கு ஏறத்தாழ மூவரே தேறினர்.

இம்மூன்றையும் கடந்த பின்னும் காத்திருத்தல் உண்டு. புதிதாகத் தொற்றிய வைரஸ் சில காலம் சோதனைக்கு அகப்படுவதில்லை. ஆதலால் மலத்தை உறையவைத்துப் பாதுகாத்து, சில வாரங்களுக்குப் பின் கொடுத்தவரை மறுபடியும் சோதித்து, அப்போதும் குற்றமில்லை என்றால்தான் பயன்படுத்துகின்றனர். அன்று தட்டப்பாறையில் மனிதர் காத்திருந்தனர். இன்று மனிதரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவர் தந்த பொருளைக் காக்கவைக்கிறோம்.

காவலில் இடைவெளி விட்டால் என்ன நேரும் என்பதையும் உலகம் கண்டது. 2019ஆம் ஆண்டில் அமெரிக்காவில், எதிர்ப்பாற்றல் குன்றிய இரு நோயாளிகளுக்கு ஒரே கொடையாளரின் மலம் செலுத்தப்பட்டது. பல மருந்துகளுக்கும் மசியாத ஒருவகை ஈ. கோலி பாக்டீரியா அதில் இருந்தது. அதற்கான சோதனை செய்யப்படவில்லை. இருவரும் நோயுற்றனர், ஒருவர் இறந்தார். அதன்பின் அச்சோதனை கட்டாயமாயிற்று. மறு ஆண்டில் கொரோனா வைரஸ் வந்தது. அதன் அடையாளம் மலத்திலும் காணப்பட்டது. 2019 டிசம்பர் முதல் நாளுக்குப் பின் கொடுக்கப்பட்ட மலத்தைத் தனிச் சோதனையின்றிப் பயன்படுத்தலாகாது என அமெரிக்க அரசு அறிவித்தது. பெயர் தெரிந்த பகைவனையே சோதனை பிடிக்கும்; பெயரறியாதவனுக்கு எதிராக உள்ள காப்பு, பொறுமையோடு காத்திருத்தலே.

மாணவ நேயர்களே, மண்டபத்தில் இன்று அந்தக் காவல் இல்லை. அங்கே பிற்காலத்தில் இலங்கையிலிருந்து வந்த அகதிகள் தங்கினர். தூத்துக்குடிப் பார்களில் முத்துக் குளிப்போரும் இல்லை. ஆனால் அக்கரையில் நடந்த காவலிலிருந்து நாம் கொள்ளவேண்டியதும் தள்ளவேண்டியதும் உண்டு. சோதித்தலையும் காத்திருத்தலையும் கொள்வோம். எளியவரை மட்டும் சோதித்து, வலியவரைத் தோற்றத்தால் விடுவித்த வழக்கத்தைத் தள்ளுவோம். மனமுவந்து கொடுக்க வருபவர் எவராயினும், அவரை மதிப்போடு சோதிப்பதே, தன்னைத் தானே காத்துக்கொள்ள இயலாத நோயாளிக்கு நாம் செய்யும் கடமை.