காதுக்குள் ஓயாத 'ஙொய்ங்' சத்தம்... 'பழகிக்கோங்க' என்று டாக்டர் சொன்னால் என்ன அர்த்தம்?

'காதுக்குள்ள சில்வண்டு கத்துற மாதிரி இருக்கு', 'குக்கர் விசில் நிக்கவே மாட்டேங்குது', 'டிவியில சிக்னல் போனா வர்ற இரைச்சல் மாதிரி கேக்குது'. இப்படிச் சொல்லிக்கொண்டு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போகிறவர்கள் ஏராளம். பரிசோதனை எல்லாம் முடிந்த பிறகு அவர்களில் பலருக்குக் கிடைக்கும் பதில்: 'பயப்பட ஒண்ணுமில்ல, பழகிக்கோங்க.'

கேட்பவருக்கு இது கைவிரிப்பது போலத்தான் இருக்கும். நாள் முழுக்க காதுக்குள் ஓடும் சத்தத்தோடு எப்படிப் பழகுவது? இது போகுமா, போகாதா? நாளைக்கு இன்னும் கூடிவிட்டால்? உண்மையில் அந்த ஒற்றை வார்த்தைக்குப் பின்னால் ஒரு சிகிச்சை முறையே இருக்கிறது. அது என்ன என்று பார்க்கலாம்.

டின்னிடஸ் என்றால் என்ன?

வெளியில் எந்தச் சத்தமும் இல்லாதபோதும் காதிலோ தலைக்குள்ளோ சத்தம் கேட்பதுதான் 'டின்னிடஸ்'. மணி ஒலிப்பதைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் இருந்து வந்த பெயர் இது. தமிழில் காது இரைச்சல் என்கிறோம். இது தனி நோய் அல்ல, ஓர் அறிகுறி. மனப்பிரமையும் அல்ல.

2022-ல் 'ஜாமா நியூராலஜி' மருத்துவ இதழில் வெளியான ஆய்வின்படி, உலகில் 74 கோடிக்கும் அதிகமான பெரியவர்களுக்கு இந்த அனுபவம் உண்டு. அவர்களில் 12 கோடிக்கும் மேற்பட்டோருக்கு இது பெரிய பிரச்சனையாக இருக்கிறது.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

உள்காதில் நத்தை ஓடு வடிவில் 'காக்ளியா' என்ற உறுப்பு இருக்கிறது. அதற்குள் சுமார் 15 ஆயிரம் நுண்ணிய முடி செல்கள் உள்ளன. ஒலியை மின் சமிக்ஞையாக மாற்றி மூளைக்கு அனுப்புவது இவற்றின் வேலை. வயதாவதாலும், அதிகச் சத்தத்தாலும் இவை சேதமாகும். சேதமானால் மனிதர்களுக்கு மறுபடி முளைக்காது.

காதிலிருந்து வரும் சமிக்ஞை குறைந்தால் மூளை சும்மா இருப்பதில்லை. ரேடியோவில் ஸ்டேஷன் சரியாக எடுக்காதபோது வால்யூமைக் கூட்டினால் 'கொர்ர்' என்று இரைச்சல் வரும் இல்லையா? அதுபோல மூளையும் தன் வால்யூமைக் கூட்டுகிறது. அந்த இரைச்சல்தான் டின்னிடஸ் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம்.

காதில் அடைத்த அழுக்கு, நடுக்காது தொற்று, தாடை மூட்டுப் பிரச்சனை ஆகியவற்றாலும் சத்தம் வரலாம். அதிக அளவு ஆஸ்பிரின், குயினைன், ஜென்டாமைசின், புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகளும் காரணமாகலாம். அதற்காக மருந்தை நீங்களாகவே நிறுத்தக் கூடாது. எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேட்டே முடிவெடுக்க வேண்டும்.

ஒரே சத்தம்... ஒருவருக்கு மட்டும் ஏன் இவ்வளவு அவதி?

1953-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. காது நன்றாகக் கேட்கும் 80 பேர், வெளிச்சத்தம் நுழையாத அறையில் சில நிமிடங்கள் உட்கார வைக்கப்பட்டார்கள். அவர்களில் 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்பதாகச் சொன்னார்கள். அதாவது, முழு நிசப்தத்தில் பெரும்பாலானோருக்கு ஏதாவது கேட்கத்தான் செய்கிறது.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் நிம்மதியாகத் தூங்குவார். விருந்தாளியாக வந்தவர் புரண்டு புரண்டு படுப்பார். இருவர் காதிலும் விழுவது ஒரே ஹாரன் சத்தம்தான். வீட்டுக்காரரின் மூளை அதை 'முக்கியமில்லை' என்று தள்ளிவிட்டது. விருந்தாளியின் மூளை இன்னும் தள்ளவில்லை.

டின்னிடஸில் நடப்பதும் இதுதான். சத்தத்தை 'ஆபத்து' என்று மூளை பதிவு செய்துவிட்டால், பயம் வருகிறது. பயந்தால் கவனம் முழுக்க அங்கேயே போகிறது. கவனித்தால் சத்தம் இன்னும் பெரிதாகத் தெரிகிறது. தூக்கம் கெடுகிறது, மறுநாள் இன்னும் பயம். 1990-ல் விஞ்ஞானி பாவெல் ஜாஸ்ட்ரெபாஃப் முன்வைத்த கோட்பாட்டின் சாரம் இது. சத்தம் வேறு, அவதி வேறு. சத்தம் அப்படியே இருந்தாலும் அவதியைக் குறைக்க முடியும்.

மனதைக் குடையும் கேள்விகளுக்குப் பதில் என்ன?

இது போய்விடுமா? திருவிழா ஸ்பீக்கர், பட்டாசுக்குப் பிறகு வரும் இரைச்சல் பெரும்பாலும் சில மணி நேரங்களில் அல்லது சில நாட்களில் அடங்கிவிடும். காது அழுக்கு, தொற்று காரணம் என்றால், அதைச் சரிசெய்ததும் போய்விடலாம். 6 மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது முழுதாகப் போகும் என்று எந்த டாக்டராலும் உறுதி சொல்ல முடியாது. ஆனால், அதனால் வரும் தொந்தரவு காலப்போக்கில் பலருக்குக் குறைகிறது.

காது செவிடாகிவிடுமா? டின்னிடஸ் செவித்திறனைக் கெடுப்பதில்லை. அடியில் இருக்கும் செவித்திறன் இழப்பு கூடலாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் 'ஆடியோமெட்ரி' பரிசோதனை.

மூளையில் கட்டியா? மிக அரிதாகவே அப்படி இருக்கும். ஒரு காதில் மட்டும் சத்தம் இருந்தால், சந்தேகத்தைத் தீர்க்க டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லலாம்.

நேற்று பரவாயில்லை, இன்று ஏன் அதிகம்? தூக்கக் குறைவு, மனஅழுத்தம், சளி, சத்தமான இடம் என ஏதாவது ஒன்று போதும். காரணமே தெரியாமலும் கூடும். சத்தம் கூடிய ஒரு நாளை வைத்து 'மறுபடி மோசமாயிடுச்சு' என்று முடிவுக்கு வர வேண்டாம். ஏற்ற இறக்கம் இதன் இயல்பு.

பழகுவது எப்படி?

1. முழு நிசப்தத்தைத் தவிருங்கள். இரவில் மின்விசிறி, மெல்லிய மழைச் சத்தம், குறைவான ஒலியில் ரேடியோ என ஏதாவது ஒன்று ஓடட்டும். காது இரைச்சலை முழுவதுமாக மூழ்கடிக்கும் அளவுக்கு வைக்க வேண்டாம். இரண்டும் சேர்ந்து கேட்டால்தான் மூளை பழகும்.

2. 'இருக்கா, போயிடுச்சா' என்று அடிக்கடி செக் பண்ண வேண்டாம். அப்படித் தேடுவதே 'இது முக்கியம்' என்று மூளைக்குச் சொல்வதாகும். குறிப்பெடுக்க நினைத்தால், சத்தத்துக்கு மார்க் போடாமல், இந்த வாரம் எத்தனை நாள் நன்றாகத் தூங்கினோம், எங்கெல்லாம் போய்வந்தோம் என்று எழுதுங்கள்.

3. செவித்திறன் குறைவு இருந்தால் காது கேட்கும் கருவி உதவும். வெளிச்சத்தம் நன்றாகக் கேட்கத் தொடங்கியதும் உள்சத்தம் பின்னால் போவதைப் பலர் உணர்கிறார்கள்.

4. சி.பி.டி. எனப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. அவதியைக் குறைப்பதில் இதற்குத்தான் வலுவான ஆதாரம் இருக்கிறது. இது சத்தத்தைக் குறைக்காது. 'என் வாழ்க்கையே முடிஞ்சுது' என்ற எண்ணத்தை உடைத்துப் பார்க்கவும், தவிர்த்து வந்த வேலைகளுக்குத் திரும்பவும் பயிற்சி தரும். உளவியல் நிபுணரிடம் அனுப்பினால் 'எனக்கு மனநோய்னு சொல்றாங்க' என்று நினைக்க வேண்டாம்.

5. படுத்து வெகுநேரம் தூக்கம் வராவிட்டால் கட்டிலிலேயே போராட வேண்டாம். எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். தூக்கம் வந்ததும் திரும்பப் படுங்கள். நள்ளிரவில் இணையத்தில் தேடுவதை மட்டும் விட்டுவிடுங்கள்.

6. எப்போதும் காதை அடைத்துக்கொண்டே இருக்க வேண்டாம். அது உள்சத்தத்தைக் கூட்டிக் காட்டும். பட்டாசு, விசைத்தறிக் கூடம், கல்யாண மண்டப ஸ்பீக்கர் போன்ற இடங்களில் மட்டும் காதடைப்பான் போடுங்கள். 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்கிறது உலக சுகாதார அமைப்பு.

மாத்திரை, சொட்டு மருந்து வேலை செய்யுமா?

டின்னிடஸுக்கென்றே அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. ஒப்புதல் கொடுத்த மருந்து ஒன்றுகூட இல்லை. ஜின்கோ, துத்தநாக மாத்திரைகளைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அமெரிக்க காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் அமைப்பின் 2014 வழிகாட்டுதல் சொல்கிறது. காதொலியோடு நாக்கில் மெல்லிய மின்தூண்டல் தரும் 'லெனையர்' என்ற கருவிக்கு 2023 மார்ச்சில் எஃப்.டி.ஏ. அனுமதி அளித்தது. அதுவும் எல்லோருக்கும் பொருந்தும் தீர்வு அல்ல.

காய்ச்சிய எண்ணெய் ஊற்றுவது, பட்ஸ், தீக்குச்சி விட்டுக் குடைவது கூடவே கூடாது. செவிப்பறை கிழியலாம், அழுக்கு இன்னும் உள்ளே போய் அடைக்கலாம். 'ஒரே வாரத்தில் குணம்' என்ற விளம்பரங்களை நம்பிப் பணத்தை விடாதீர்கள்.

எப்போது உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்?

திடீரென ஒரு காது கேட்காமல் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ஸ்டீராய்டு சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறார்களோ அவ்வளவு நல்லது. நாடித்துடிப்போடு சேர்ந்து 'டொக் டொக்' என்று கேட்பது, ஒரு காதில் மட்டும் சத்தம், தலைசுற்றல், முகம் ஒரு பக்கம் இழுப்பது, தலையில் அடிபட்ட பிறகு வரும் இரைச்சல் ஆகியவற்றையும் தள்ளிப்போடக் கூடாது.

'இதோட வாழவே முடியாது' என்ற எண்ணம் வந்தால் அதுவும் அவசரம்தான். மத்திய அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416, தமிழக அரசின் 104 ஆகியவற்றை எந்நேரமும் அழைக்கலாம்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

இசைமேதை பீத்தோவன், இரவும் பகலும் காதில் இரைச்சல் கேட்பதாக 1801-ல் தன் மருத்துவ நண்பர் வெகலருக்குக் கடிதம் எழுதினார். காது கேட்கவில்லை என்று சொல்ல முடியாமல் இரண்டு ஆண்டுகளாக மனிதர்களைச் சந்திப்பதையே தவிர்த்ததாகவும் அதில் குறிப்பிட்டார். வெளியே தெரியாத அவதி மனிதரை எப்படித் தனிமைப்படுத்தும் என்பதற்கு இது உதாரணம்.

எனவே 'எங்களுக்கு ஒண்ணும் கேக்கலையே' என்று சொல்லாதீர்கள். 'இன்னைக்கு சத்தம் எப்படி இருக்கு' என்று தினமும் விசாரிப்பதும் கவனத்தை அங்கேயே இழுக்கும். அதற்குப் பதில் கடைக்கோ, நடைப்பயிற்சிக்கோ கூட்டிப் போங்கள். இரவில் மின்விசிறி சத்தமாக ஓடினால் முகம் சுளிக்காதீர்கள்.

பழகுவது ஒரே வாரத்தில் நடக்காது, மாதக்கணக்கில் ஆகும். முதலில் அரை மணி நேரம் அந்தச் சத்தம் நினைவுக்கு வராமலே போயிருக்கும், பிறகு ஒரு மதியம் முழுக்க. சத்தம் நின்றிருக்காது. மூளை அதைப் பொருட்படுத்துவதை நிறுத்தத் தொடங்கியிருக்கும்.